மருந்துக்கு ஒரு போத்தில் பேர்பன்

மெழுகை வெட்டுவதற்கு என் கையில் ஒரு சத்திரசிகிச்சை பிளேட்டைத் தந்தார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில், தாதிமார் மருந்து கலக்கிற மேசை. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேசையில் ஊசிகள், பஞ்சு, அளவுக் குவளை, அவற்றுக்கு நடுவே தட்டையான ஒரு விஸ்கிப் போத்தில். அதன் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு மெழுகு வழிந்து இறுகியிருந்தது. தாதி அதைத் தொடத் தயங்கினார்.

"இது விலையான சாமான் போல கிடக்கு. நீங்களே வெட்டுங்கோ அம்மா."

வெட்டினேன். முதல் கீறலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் ஒரு துண்டு உடைந்து என் செருப்பின் மேல் விழுந்தது. தக்கையைத் திருகி இழுத்ததும் வாசம் கிளம்பியது. வனிலாவும் எரிந்த மரமும் கலந்தது போல. எல்லோரும் முகக்கவசம் கட்டியிருந்தோம். அதையும் மீறி வந்தது. மூன்றாவது கட்டிலில் படுத்திருந்த வயோதிபர் எழுந்து உட்கார்ந்து எங்கள் பக்கம் பார்த்தார்.

"மதுசாரம் எத்தினை வீதம்?" என்று டொக்டர் கேட்டா.

"ஐம்பது," என்றேன்.

லேபிளைப் பார்க்காமலே சொன்னேன். அந்தப் போத்திலில் எழுதியிருந்தது எல்லாம் எனக்கு மனப்பாடம். பதினொரு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் அதைத் துடைத்தவள் நான். அதைத் திறக்கக் கூடாது என்று என் முதலாளி சொல்லி முழுதாக இரண்டு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.

பெயரில் ஒரு எழுத்துப் பிழை

போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் ஹோட்டல் குசினிச் சமையலைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், "நீங்கள் குசினியில் இல்லையே, பாரில்தானே இருந்தீர்கள்?" என்று கேட்டார். பாரில் இல்லை, பாருக்குப் பின்னால். மதுபானக் களஞ்சியத்துக்கு நான் பொறுப்பு. ஸ்டெல்லாக்காவான என்னிடம்தான் அதன் பூட்டுத் திறப்பு இருக்கும் என்று வேலைக்காரர் எல்லாருக்கும் தெரியும். எனக்கு முன்பு அந்தத் திறப்பை வைத்திருந்த மூன்று ஆண்களும் களஞ்சியத்தையே குடித்துவிட்டார்கள். "குடிக்காத ஆளிட்ட இருக்கட்டும்" என்று ஐயா என்னிடம் தந்தார். இன்றுவரை ஒரு சொட்டும் என் நாக்கில் பட்டதில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அந்த நாற்றம் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஐயா என்று நான் சொல்வது முதலாளியை. திருகோணமலைத் துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிறவராக இருந்தவர். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுப் போய், எங்கெங்கோ அலைந்து, கடைசியில் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஒரு வடிசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சோளத்தில் இருந்து விஸ்கி வடிக்கிறார்கள். அதை உள்ளே தீயால் கருக்கிய மரப் பீப்பாவில் ஊற்றி வருஷக்கணக்கில் வைக்கிறார்கள். அதற்குத்தான் பேர்பன் என்று பெயர். போத்தில் நிரப்புகிற இயந்திரங்களை ஐயா பார்த்துக்கொண்டார். இருபது வருஷத்துக்குக் கிட்ட.

அந்த நாட்டில் ஒரு காலத்தில் குடி முழுவதும் தடையாக இருந்தது. தடை நீங்கிய நாளை அங்குள்ள வடிசாலைகள் இன்னமும் கொண்டாடுகின்றன. அப்படி ஒரு கொண்டாட்ட வருஷத்தில் ஐயாவின் வடிசாலை ஒரு நினைவுப் போத்திலை வெளியிட்டது. பழைய மருந்துப் போத்திலின் வடிவம், சிவப்பு மெழுகு, மரப்பெட்டி. கடைக்குப் போனது கொஞ்சம்தான். விடியமுன்னமே சனம் வரிசையில் நின்று வாங்கியதாம், குடிக்க அல்ல, அலுமாரியில் வைக்க. நெடுநாள் வேலை செய்தவர்களுக்கு மட்டும் ஆளுக்கொன்று, பெயர் பொறித்துக் கையில் கொடுத்தார்கள்.

ஐயாவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதை அவர் யாரிடமும் முறையிட்டதில்லை. ஊர் திரும்பி உப்புவெளியில் ஹோட்டல் கட்டியபோது, வரவேற்பு மண்டபச் சுவரில் அந்தப் போத்திலுக்கென்றே ஒரு கண்ணாடி அலுமாரி செய்வித்தார். கென்டக்கியில் அவர் வேலை செய்த காலத்துக்கு அந்தப் போத்திலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதை நான் துடைக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்பார்.

சீட்டு இருந்தால் விஸ்கி

மரப்பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது. மதுவிலக்குக் காலத்து மருந்துச் சீட்டின் நகல். வருகிற விருந்தாளிகளுக்கு ஐயா அதைக் காட்டுவார். தமிழ் விருந்தாளிகள் என்றால் மொழிபெயர்த்துச் சொல்லுகிற வேலை என்னுடையது.

அந்தக் காலத்தில் விஸ்கி வடிக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. ஆனால் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம். இருமலுக்கு, பலவீனத்துக்கு, நித்திரை வராததற்கு. விரல்விட்டு எண்ணக்கூடிய சில வடிசாலைகளுக்கு மட்டும் அப்படி மருந்தாக விற்கிற உரிமை கிடைத்தது. மற்றவை மூடிப்போயின. நாடு முழுவதும் திடீரென்று நோயாளியாகிவிட்டது என்று சொல்லி ஐயா சிரிப்பார்.

சீட்டுக்கு வழியில்லாதவர்கள் மலைக்காட்டுக்குள் தாங்களே வடித்தார்கள். ஐயாவோடு வேலை செய்த பீப்பாக்காரர் ஒருவரின் தகப்பன் அப்படி வடித்தவராம். செப்புக் கிடாரம் கிடைத்தவன் நல்லதாக வடித்தான். கிடைக்காதவன் பழைய லொறி ரேடியேற்றரை வைத்து வடித்தான். அதில் இருந்த ஈயம் குடித்தவனின் உடம்பில் ஏறியது. இன்னும் மோசமானது தொழிற்சாலை ஸ்பிரிட். சனம் குடிக்கக் கூடாதென்று அரசாங்கமே அதில் நஞ்சு கலக்க வைத்திருந்தது. அப்படியும் அதைத் திருடி விற்றார்கள், வாங்கிக் குடித்தார்கள். செத்தவர்கள் ஒரு பக்கம், கண் போனவர்கள் ஒரு பக்கம்.

இந்த இடத்தில் விருந்தாளிகள் "ஐயோ" என்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் அதே குரலில் அதை மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். அது அமெரிக்காவில் எப்போதோ நடந்த கதை.

எங்கள் பக்கத்திலும் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் இருக்கிறது. சீனியும் ஈஸ்ற்றும் போட்டுப் பீப்பாவில் புளிக்க வைத்து, கண்டல் பற்றைக்குள் ஒளித்து வடிக்கிறார்கள். பொலிஸ் பிடிக்கும், உடைக்கும், பிறகு வேறு இடத்தில் புகை எழும். அதைக் குடித்து ஈரல் கெட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரே நாளில் கண் போனவரை அதுவரை தெரியாது.

களஞ்சியத்துக்குக் காகித முத்திரை

கொரோனாவுக்கு ஊரை அடைத்தபோது சாராயக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. எங்கள் களஞ்சியக் கதவிலும் அதிகாரிகள் வந்து காகித முத்திரை ஒட்டினார்கள். உள்ளே இருந்ததன் விபரத்தில் பொறுப்பாளர் என்று நான் கையெழுத்து வைத்தேன். ஐயா அப்போது கொழும்பில் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டுப்பட்டிருந்தார். கண்ணாடி அலுமாரிப் போத்திலை அதிகாரிகள் விஸ்கியாகவே எண்ணவில்லை. அலங்காரம் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

ஹோட்டலில் எஞ்சியது நானும் பார்மன் யோகனும். என் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. பகலில் வந்து போவேன். யோகன் வேலைக்காரர் அறையிலேயே தங்கினான். நாற்பது வயது. மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய், வர வழியில்லாமல் நின்றாள். பகல் முழுக்க அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுத்து, வேலை முடிந்ததும் தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிற பழக்கம் அவனுக்கு நெடுநாளாய் இருந்தது. முத்திரை ஒட்டி மூன்றாம் கிழமை அவன் கை நடுங்கத் தொடங்கியதைக் கண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தக் காலையில் நான் ஹோட்டலுக்குப் போனபோது அவன் முற்றத்துக் குழாயடியில் இருந்தான். முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

"யோகன், என்ன செய்யிறாய்?"

"அக்கா, பனி பெய்ஞ்ச மாதிரிக் கிடக்கு."

"என்ன பனி? வெயில் கொளுத்துது."

"எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. உங்கட சத்தம் கேக்குது, ஆளைக் காணேல்ல."

பிறகு வாந்தி எடுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் சரிந்தான்.

"என்ன குடிச்சனீ?"

நான் திரும்பவும் கேட்டேன்.

"ஸ்பிரிட் அக்கா. கப்பல் சாமான் ஸ்பிரிட் எண்டு ஒருத்தன் வள்ளம் கட்டிற இடத்தில வித்தவன். நான்தான் வாங்கினனான். நேத்து மத்தியானம் சிவாவுக்கும் குடுத்தனான். சோடாவும் தேசிக்காயும் விட்டுக் குடிச்சம்."

சிவா என்பவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சான் கிராமத்து ஆள். ஊரடங்கில் வீட்டுக்குப் போக ஏலாமல் துறைமுகப் பக்கம் ஒரு கொட்டகையில் தங்கியிருந்தார். எங்கள் ஹோட்டல் படகுக்கும் அவர்தான் எஞ்சின் பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். தேநீர் கொடுத்தால் குவளையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவார்.

அம்புலன்ஸ் வந்தது. யோகனை ஏற்றும்போதே, துறைமுகக் கொட்டகையில் இதையே குடித்த இன்னொரு ஆள் இருக்கிறார், அவரையும் எடுங்கோ என்று சொன்னேன். வேறு வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். நானும் யோகனோடு ஏறினேன். பட்டினத்து வீதிகளில் மனிதரே இல்லை. பஸ் நிலையத்தடியில், ஊருக்குள்ளேயே திரிகிற மான்கள் நடுத்தெருவில் படுத்திருந்தன. சாரதி ஹோர்ன் அடித்தும் அவை எழும்பவில்லை, சுற்றிக்கொண்டு போனோம்.

டொக்டர் கேட்ட சாமான்

டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை, முப்பது இருக்காது. யோகனின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தா. என்ன குடித்தது, எப்போது குடித்தது என்று கேட்டா. பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தா.

"இது மெதனோல். கண்ணை எடுக்கும், பிறகு ஆளையும் எடுக்கும். இதுக்கு மாற்று என்ன தெரியுமோ அம்மா? நல்ல சாராயம்."

நான் அவவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பகிடி இல்லை. நல்ல மதுசாரம் உடம்புக்குள்ள போனால், ஈரல் முதல்ல அதைத்தான் கவனிக்கும். நஞ்சு வேலை செய்யிறது பிந்தும். அந்த நேரத்துக்குள்ள இரத்தத்தைச் சுத்தம் செய்து எடுக்கலாம். ஊசியா ஏத்திற மருந்து கொழும்பில இருந்து வந்துகொண்டிருக்கு. பின்னேரம் ஆகும். அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. கடை எல்லாம் பூட்டு. நீங்கள் ஹோட்டல்காரர் எண்டு சொன்னீங்கள்."

"இருக்கு டொக்டர். ஆனா களஞ்சியத்துக்கு முத்திரை வைச்சிருக்கு."

"உடைக்கிறதுக்கு நான் கடிதம் தாறன். மூடி திறக்காத போத்திலாக் கொண்டு வாங்கோ. ஒண்டு சொல்லுறன், இது வீட்டில செய்து பாக்கிற வைத்தியம் இல்லை. அளந்து குடுக்கவேணும்."

கடிதம் எழுதித் தந்தா. அனுமதிச் சீட்டு வைத்திருந்த ஓர் ஆட்டோக்காரரைப் பிடித்து உப்புவெளிக்குத் திரும்பினேன். வழியில் மறித்த பொலிஸ்காரர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். சாராயம் கேட்டு டொக்டர் எழுதிய கடிதத்தை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். பொலிஸ் நிலையத்தில் இருந்து ஆள் வந்து நின்றால்தான் முத்திரையை உடைக்கலாம், சொல்லி அனுப்பி எடுப்பிக்க நேரம் எடுக்கும் என்றார்.

தொலைபேசியில் ஐயா

மண்டபத்தில் நின்று ஐயாவுக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். யோகனின் கண் தெரியவில்லை என்றதும் "கடவுளே" என்றார்.

"முத்திரையை உடைக்கப் பொலிஸ் வரவேணுமாம் ஐயா. சுணங்கும்."

"நீ உடை. நான் பிறகு கதைச்சுக்கொள்ளுறன்."

"என்ர கையெழுத்தில இருக்கு ஐயா. மற்றது... உங்கட போத்தில் வெளியில கிடக்கு. அதைக் கொண்டு போகட்டோ?"

"அதில கை வையாதை ஸ்டெல்லா. முத்திரையை உடை."

"சரி ஐயா," என்று சொல்லி வைத்தேன்.

பொய். அந்த நேரமே என் மற்றக் கையில் அலுமாரித் திறப்பு இருந்தது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு யோசனை. யோகனுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். முழுக்க அப்படியில்லை. முத்திரையை உடைத்திருந்தால் நீதிமன்றப் படி ஏறப்போவது நான். ஐயாவின் "பிறகு" எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு, பதினொரு வருஷத்து "மெதுவா, மெதுவா"வும் என் மனதில் எங்கோ ஒரு மூலையில் கிடந்திருக்க வேண்டும்.

போத்திலைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

மெழுகை வெட்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். டொக்டர் யோகனின் நிறையைக் கேட்டு, கணக்குப் போட்டு, அளவுக் குவளையில் ஊற்றி, குளுக்கோஸ் தண்ணியில் கலந்து, மூக்கால் விட்ட குழாய் வழியே இறக்கினா. ஒவ்வொரு மணித்தியாலமும் கொஞ்சம் கொஞ்சம். நாக்கில் படாமலே போனதால் அதன் ருசி அவனுக்குத் தெரியாது. அந்தப் போத்திலை ருசித்தவர் என்று ஒருவரும் இல்லை.

சிவாவை அதற்குள் கொண்டுவந்திருந்தார்கள். யோகனுக்கு அடுத்த கட்டில். அவருக்கு நினைவில்லை, மூச்சு மட்டும் வேகமாக, ஆழமாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அதே போத்திலில் இருந்துதான் கொடுத்தார்கள். ஆனால் நேரம் தாண்டிவிட்டது. பின்னேரம் கொழும்பு மருந்து வந்து சேர்ந்தபோது அவருடைய கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

நான் அழவில்லை. அவருடைய மனைவியின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துச் செய்தி சொல்வது என் வேலையாகிவிட்டது. அதைச் செய்தேன்.

ஒரு தலையாட்டல்

மூன்றாம் நாள் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் யோகனின் கட்டிலடிக்கு வந்தார். மண்ணிற அட்டை போட்ட கொப்பி வைத்திருந்தார்.

"ஸ்பிரிட்டை ஆர் கொண்டுவந்தது?"

யோகன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"சிவா," என்றான்.

உத்தியோகத்தர் எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே இவரைக் கூட்டிக்கொண்டு வந்தது? உங்களுக்கும் அப்படித்தான் சொன்னவரோ?"

நான் தலையாட்டினேன்.

யோகனுக்குச் சிறைக்குப் போகிற பயம். எனக்கு என்ன பயம் என்று இன்றைக்கும் தெளிவாகச் சொல்ல ஏலாது. செத்தவருக்கு இனி என்ன, இருக்கிறவன் பிழைக்கட்டும் என்று நினைத்திருப்பேன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். செத்தவருக்கு ஒரு வீடும் ஊரும் இருந்ததை நான் யோசிக்கவில்லை. ஸ்பிரிட் விற்றவன் அகப்படவே இல்லை. அவனை அடையாளம் காட்ட, வாங்கிய சிவாதான் வேண்டும், அவரோ இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஐயா திரும்பி வந்தார்

வீதிகள் திறந்து சில மாதத்தில் ஐயா வந்தார். நேரே கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். வெறும் போத்திலைக் கழுவி அதே இடத்தில் வைத்திருந்தேன். அவர் அதை எடுத்துத் தன் பெயர் இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

அவருக்குக் கோபம். அதை மறைக்கவும் இல்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் களஞ்சியத்துக்கு வந்து வாசலில் நின்றார்.

"என்னைக் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டு சொல்லியிருப்பன்."

"கேட்டனான் ஐயா."

அவர் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு விருந்தாளிகளுக்கு அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்டதில்லை. யோகனுக்குப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை, ஆனாலும் வேலை போகவில்லை. பாருக்குத் திரும்பிப் போக அவன்தான் மறுத்துவிட்டான். படுக்கை விரிப்புகள் மடிக்கிற இடத்தில் ஐயா அவனுக்கு வேலை கொடுத்தார். மனைவி குவைத்தில் இருந்து வந்து சேர்ந்தாள்.

ஒரு நாள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"அக்கா, கட்டைபறிச்சானில சிவாவின்ர சனத்தை ஒருத்தரும் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுறேல்லையாம். நஞ்சு குடுத்துக் கூட்டாளியின்ர கண்ணைக் கெடுத்தவன் எண்டு கதையாம். மூதூர் ஆள் ஒருத்தர் சொன்னவர்."

"ம்."

"என்னைக் கூட்டிக்கொண்டு போறியளோ?"

கட்டைபறிச்சான்

கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போனோம். மூதூரில் இறங்கி ஆட்டோ எடுத்தோம்.

சிவாவின் மனைவி பெயர் வசந்தா. முற்றத்தில் சாக்கு விரித்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டதும் தொலைபேசியில் பேசிய ஆள் என்று கண்டுபிடித்துவிட்டாள். எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். திரும்பப் போய்ச் சாக்கில் இருந்துகொண்டாள்.

யோகன் கதிரையில் உட்காரவில்லை.

"தங்கச்சி, அதை வாங்கினது நான். சிவா இல்லை. நான்தான் அவருக்குக் குடுத்தனான். பொலிசுக்கு மாத்திச் சொல்லிப்போட்டன்."

வசந்தாவின் கை நிற்கவில்லை. இரண்டு மூன்று இறாலின் தலையைக் கிள்ளி எறிந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அண்டைக்குக் காலமையில இருந்து."

அவள் கையைத் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"எனக்கு ஏன் சொல்லுறியள்? அவர் அப்பிடிச் செய்யமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். தெரியாத சனத்துக்குச் சொல்லுங்கோ. வாற வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில பூசை. மாமியும் வருவா, ஊரும் வரும். அங்க வந்து நிண்டு சொல்லுங்கோ. ரெண்டு பேரும்."

வெள்ளிக்கிழமை போனோம். அதற்கு முதல் நாள் பொலிஸ் நிலையத்துக்கும் போய் இரண்டு பேரும் சொன்னதை மாற்றி எழுதுவித்தோம். புது உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். ஏன் இவ்வளவு காலம் பிந்தியது என்று கேட்டார். இனி விசாரணைக்குக் கூப்பிட்டால் வரவேண்டும் என்றார். வருவோம் என்று கையெழுத்து வைத்தோம்.

பூசை முடிந்து சனம் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தபோது கோயில் வாசலில் யோகன் சொல்லத் தொடங்கினான். குரல் எழும்பவில்லை. "பெலத்துச் சொல்லும்" என்று யாரோ சொன்னார்கள். திரும்பவும் முதலில் இருந்து சொன்னான். அவன் முடித்த பிறகு, நான் தலையாட்டியதை நான் சொன்னேன். கத்தோலிக்கப் பெண் ஒருத்தி அம்மன் கோயில் வாசலில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல் இருந்தது என்று பிற்பாடு யோசித்தேன்.

ஒருவரும் கை ஓங்கவில்லை. ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். சிவாவின் தாய் முன்னால் வந்து யோகனுக்கு எதிரில் நின்றா.

"கடைசியா உன்னோட என்ன கதைச்சவன்?"

யோகன் யோசித்தான்.

"எஞ்சின் ஒண்டு பிரிச்சபடி கிடக்கு, நாளைக்கு மூட்டவேணும் எண்டவர். பிறகு, வீதியைத் திறந்தவுடன வீட்ட போகவேணும் எண்டவர்."

"வீட்ட போகவேணும் எண்டு சொன்னவனோ?"

"ஓம் அம்மா."

அவ தலையை ஆட்டினா. வசந்தா வந்து அவவின் தோளைப் பிடித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

யோகன் சம்மதித்தபடியால் இதை எழுதுகிறேன்; பெயர்களை மாற்றியிருக்கிறேன். வசந்தா அதற்குப் பிறகு எங்களோடு பேசியதில்லை. அவள் பேச வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. போன வருஷம் அவளுடைய மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஊர் முழுக்கப் போனதாம். சமையலுக்கு நின்றவர்களே நாற்பது பேர் என்று மூதூர் ஆள் வந்து சொன்னார். எங்களைக் கூப்பிடவில்லை.